ரேஞ்சர் 1000-க்குப் பனி ட்ராக் பூட்டுவது: பொருத்தம், கோணம், பெல்ட், ஏரி

மேப்பிள்_வடக்கு

வணக்கம். கனடா ஒன்ராறியோவில ஹாலிபேர்ட்டன் பக்கத்துக் கொட்டேஜில போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி 1000 நிக்குது; இது யூடிவி, அதாவது பின்னால சாமான் தட்டு உள்ள சின்ன நாலு சில்லுக் காட்டுவண்டி. 27 அங்குல ரயர், பவர் ஸ்டியரிங் இருக்கு. பெரிய றோட்டில இருந்து கொட்டேஜ் வரைக்கும் 3 கிலோமீற்றர், அந்தத் துண்டுக்குப் பனி வழிக்கிற ஆக்கள் வாறேல்லை. ஜனவரியில 60–90 சென்ரிமீற்றர் பனி நிக்கும். இடையில ஒரு ஏற்றம், 15 பாகை அளவு. விறகும் புரொப்பேன் சிலிண்டரும் சாமானும் ஏத்த வேணும்.

சில்லுக்குப் பதிலாப் பூட்டுற நாலு ரப்பர் ட்ராக், பாவிச்ச செற் ஒண்டு விற்பனைக்கு இருக்கு. கான்-ஆம் டிஃபெண்டர் எண்ட வேற கம்பெனி யூடிவியில இருந்து கழட்டினது. அதை வாங்கி இதுக்குப் பூட்டலாமோ? வீட்டுக் கராஜில ஜாக், சாவிகளோட செய்யக்கூடிய வேலையோ? சிவிடி பெல்ட் (எஞ்சின் விசையைக் கியருக்குக் கடத்திற ரப்பர் பெல்ட்) தாங்குமோ? ஏரிக்கு மேலால போனால் பாதித் தூரம் மிச்சம், அதையும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கிரீஸ்கை

முதலில் பாவித்த செட்டைப் பற்றி. ட்ராக் கிட் என்பது இரண்டு தனிச் சாமான். நான்கு ட்ராக் கூடுகள் ஒன்று; அவற்றை வண்டியோடு கட்டும் மவுண்ட் கிட் மற்றொன்று. கூடு பல வண்டிகளுக்குப் பொது. மவுண்ட் கிட் அந்த மாடலுக்கும் சில சமயம் அந்த வருடத்துக்கும் மட்டுமே. டிஃபெண்டரின் வீல் பிசிடி (போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும்) 4×137, ரேஞ்சருடையது 4×156. ஹப் துளையே உட்காராது. அதை அடாப்டர் தட்டு வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தட்டின் தடிமன் அளவுக்கு ட்ராக் வெளியே தள்ளும், வீல் பேரிங்கிலும் பால் ஜாயிண்டிலும் நெம்புகோல் நீளும், ஸ்டியரிங் கனக்கும்.

ஆன்டி-ரொட்டேஷன் பிராக்கெட் (கூடு புரளாமல் நிறுத்தும் தண்டைப் பிடிக்கும் பாகம்) இன்னொன்று. டிஃபெண்டரின் கீழ் ஏ-ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் முக்கோணக் கை) வடிவத்துக்கு வார்த்த பிராக்கெட் ரேஞ்சரின் ஆர்மில் பிடிக்காது. எனவே கூடுகளை மட்டும் விலை பேசுங்கள். உங்கள் வண்டியின் மாடல், வருடம் சொல்லி அதே கம்பெனியிடம் மவுண்ட் கிட்டைத் தனியாகக் கேளுங்கள். அதன் விலையையும் சேர்த்துப் பார்த்தால் சில சமயம் புது செட்டே மேல் என்று தோன்றும்.

ஸ்ப்ராக்கெட் (ட்ராக் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரம்) பல் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது வண்டியின் கியர் கணக்கு. சில வண்டிக்கு முன்பக்க ஸ்ப்ராக்கெட் ஒரு பல் கூடியோ குறைந்தோ வரும். தப்பான பல் எண்ணிக்கையோடு ஃபோர்-வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுக்கும், முன் டிஃப்ரென்ஷியல் சூடாகும்.

நேரில் பார்க்கும்போது: ரோலர்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு வந்தால் பேரிங் போயிற்று. ஒரு கூட்டில் பல ரோலர், நான்கு கூட்டுக்கும் சேர்த்து மாற்றினால் செலவு கணிசம். ட்ராக்கின் ரப்பர் பெல்ட்டில் உள்பக்க வழிகாட்டிப் பற்களைப் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் சீவினாற்போல் தேய்ந்திருந்தால் டோ (இடது, வலது ட்ராக்குகள் முன்பக்கம் நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவு) சரியில்லாமல் நீண்ட நாள் ஓடியது என்று பொருள். ஹப்பை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது.

பனித்தடம்_705

ட்ராக் தேவையா என்பதை முதலில் முடிவெடுங்கோ. ஒவ்வொரு பனிக்குப் பிறகும் ஆள் இருந்து 15–20 சென்ரிமீற்றரிலயே தள்ளிவிட்டால், முன்னால பிளேட், நாலு ரயருக்கும் சங்கிலி, அது போதும். செலவில பெரிய வித்தியாசம். புது ட்ராக் செற் ஆறாயிரம் கனடிய டொலருக்கு மேல போகும்.

ஆனா இரண்டு கிழமைக்கு ஒருக்கா வாற கொட்டேஜுக்கு அது சரிவராது. பனி கொட்டி, வெயிலில ஒரு தரம் இளகி, திரும்ப உறைஞ்சு, அதுக்கு மேல இன்னொரு பனி. அந்த அடுக்கைத் தள்ள யூடிவி பிளேட்டுக்குப் பாரம் காணாது. மேலால உறைஞ்ச படையை ரயர் உடைச்சுக்கொண்டு உள்ளுக்க இறங்கும், வண்டியின்ர வயிறு பனியில இருக்கும், நாலு சில்லும் சும்மா சுத்தும். உங்கட நிலைமைக்கு ட்ராக் தான்.

அழுத்தக்கணக்கு

எண்ணாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு. ரேஞ்சர் வெறும் எடை சுமார் 750 கிலோ. நான்கு ட்ராக் கூடு 230–320 கிலோ வரை வரும், கழற்றி வைக்கும் சக்கரங்கள் 80–100 கிலோ. நிகரக் கூடுதலை 180 என்று கொள்வோம். இரண்டு பேர், 100 கிலோ சாமான். மொத்தம் 1200 கிலோ.

ட்ராக் அகலம் 32 செ.மீ., தரையில் படியும் நீளம் 90 செ.மீ. என்றால் நான்குக்கும் 1.15 சதுர மீட்டர். அழுத்தம் 10 கிலோபாஸ்கல், அதாவது ஒன்றரை பிஎஸ்ஐ. டயரோடு ஒரு சக்கரத்துக்கு 22×22 செ.மீ. படிகிறது என்றால் 50 கிலோபாஸ்கல் வரும். பூட்ஸ் போட்டு நடக்கும் ஆள் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் 30-ஐ ஒட்டி.

அதாவது நீங்கள் முழங்கால் வரை புதையும் பனியில் வண்டி அவ்வளவு புதையாது. ஆனால் ஸ்னோமொபைலின் அழுத்தம் இதில் பாதிதான். ஸ்னோமொபைல் போன இடத்துக்கெல்லாம் இதுவும் போகும் என்று எண்ண வேண்டாம். மாவு போன்ற புதுப் பனி ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் ட்ராக் போட்ட யூடிவியும் வயிற்றில் உட்காரும்.

கிரீஸ்கை

இனிப் பூட்டும் வேலை. வீட்டுக் கராஜில் செய்யலாம், ஆனால் தரை மட்டமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். சரிவில் வைத்து அளந்த கோணமும் டோவும் பயன்படாது.

வண்டியைச் சேஸியில் தாங்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஏ-ஆர்முக்குக் கீழே ஸ்டாண்ட் வைக்கக் கூடாது, பிராக்கெட் அங்கேதான் வரப்போகிறது. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். மேல்-கீழ் ஆட்டம் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இட-வல ஆட்டம் டை ராட் முனை. ஆட்டம் இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் ட்ராக். 60–80 கிலோ கூடு தொங்கும் ஹப்பில் சின்ன ஆட்டம் ஒரே சீசனில் பெரிதாகிவிடும்.

அடுத்து ஆன்டி-ரொட்டேஷன் பிராக்கெட். அவசரப்படக் கூடாத இடம் இது. ஆக்ஸில் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போது ட்ராக் கூடு முழுவதும் அந்தத் திசையிலேயே புரளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு தண்டுதான். பின்னால் தண்டு ஆர்முக்கோ சேஸிக்கோ நேராகப் போகும். முன்னால் ஸ்டியரிங்கோடு திரும்ப வேண்டும் என்பதால் முனையில் ரப்பர் புஷ்ஷோ பால் முனையோ இருக்கும். பிராக்கெட் பிடிக்கும் இடத்தில் ஏ-ஆர்மைச் சேறு, துரு, பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். சேற்றின் மேல் இறுக்கிய யூ-போல்ட் முதல் நாளிலேயே தளரும். தளர்ந்த பிராக்கெட் ஆர்மில் நழுவினால் தண்டின் கோணம் மாறும், கூடு முன்பக்கமாகக் கவிழ்ந்து பனியைக் குத்தும், அடுத்த நொடி சிவி பூட் (ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறை) கிழியும் அல்லது தண்டு வளையும்.

பிரேக் ஹோஸைக் கவனியுங்கள். பழைய கிளிப்பிலேயே விட்டால் முழுத் திருப்பத்தில் தண்டோடு உரசும். கிட்டோடு வரும் கிளாம்பில் மாற்றிக் கட்டுங்கள்.

கூட்டைத் தூக்கி வைக்க எஞ்சின் ஹாயிஸ்ட் அல்லது சக்கரம் வைத்த பலகை வேண்டும். தனி ஆளாகத் தூக்கி ஸ்டட் மேல் தொங்கவிட்டால் ஸ்டட் மரை நசுங்கும். ட்ராக் பெல்ட்டுக்கு ஓடும் திசை உண்டு. பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து இடது, வலது பிரியுங்கள். நட்டில் ஒரு நுட்பம்: அலாய் வீலில் கழற்றிய கூம்பு நட்டை ட்ராக் ஹப்பில் போடாதீர்கள், கிட் தட்டை நட்டு கேட்டால் தட்டை நட்டுதான். கூம்பு நட்டு தட்டைத் துளையில் விளிம்பில் மட்டும் உட்காரும், இறுக்கியதாகத் தெரியும், ஓடினால் தளரும். எதிரெதிராக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் கையேட்டு டார்க்குக்கு முடியுங்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி டார்க் பாருங்கள்.

மேப்பிள்_வடக்கு

மிச்சம் நன்றி. கோணம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். முன் ட்ராக்கின்ர மூக்கு எவ்வளவு உயர நிக்க வேணும்? அளக்கிறது எப்பிடி?

கிரீஸ்கை

வண்டியைக் கீழே இறக்கியதும் அளக்காதீர்கள். முன்னால் ஐந்தாறு மீட்டர் ஓட்டி, பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். ஜாயிண்ட்களில் உள்ள தளர்வு ஓடும் நிலைக்கு வந்து உட்காரும். டிரைவர் இருக்கையில் ஆள், தட்டில் வழக்கமான சுமை. வெறும் வண்டியில் வைத்த கோணம் 200 கிலோ ஏற்றியதும் மாறும். சஸ்பென்ஷன் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டுவதும் இதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

வரிசை இது: முதலில் ட்ராக் பெல்ட் இழுவிசை, பிறகு கோணம், கடைசியில் டோ. மாற்றிச் செய்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடும்.

இழுவிசை: மேல் பகுதியின் நடுவில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, கிட் கையேடு சொல்லும் எடைக்கு இழுத்து, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். தளர்ந்தால் ஸ்ப்ராக்கெட் பல் பெல்ட்டைத் தாண்டிக் குதிக்கும். அந்த டக்-டக் சத்தம் பிரேக் போடும்போதும் ரிவர்ஸிலும்தான் முதலில் கேட்கும், முன்னோக்கிப் போகும்போது தெரியாது. இறுக்கினால் இழுவை கூடும், பேரிங் சூடாகும், பெட்ரோல் குடிக்கும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் நீளும், கட்டாயம் மறுபடி பாருங்கள்.

கோணம்: மட்டத் தரையில் முன் ட்ராக்கின் முன் ரோலர் பெல்ட்டைத் தரையில் அழுத்தாமல் லேசாகத் தூக்கி நிற்க வேண்டும். இத்தனை மில்லிமீட்டர் என்பது மாடலுக்கு மாடல் வேறு, மவுண்ட் கிட்டின் கையேட்டில் படத்தோடு இருக்கும். அந்த எண்ணை விட்டு அகல வேண்டாம். மூக்கு தாழ்ந்தால் ஸ்டியரிங் கல்லாகும், பனி மேட்டில் ஏறாமல் குத்தும். அளவுக்கு மிஞ்சித் தூக்கினால் எடை முழுதும் பின் ரோலருக்குப் போகும், வேகத்தில் மூக்கு ஆடும், பின் ரோலர் பேரிங்தான் முதலில் போகும். தண்டின் மரையில் இரண்டு சுற்று திருப்புவது, மறுபடி ஐந்தாறு மீட்டர் ஓட்டுவது, மறுபடி அளப்பது. பொறுமையான வேலை. இடது, வலது இரண்டும் ஒரே அளவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டோ: நேரான அலுமினியப் பட்டை ஒன்றை இடது ட்ராக்கின் உள் விளிம்பிலும் இன்னொன்றை வலதிலும் சாய்த்து, முன்னால் ஒரு இடைவெளி, பின்னால் ஒரு இடைவெளி அளங்கள். இரண்டும் தரையிலிருந்து ஒரே உயரம். டயருக்கு என்று வைத்திருக்கும் டோ இங்கே பொருந்தாது. ஏறக்குறைய இணையாக நிறுத்தி, கிட் சொல்லும் சில மில்லிமீட்டர் இடத்துக்குள் முடிக்க வேண்டும். இரு பக்க டை ராடையும் ஒரே அளவு திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். வசந்தத்தில் டயருக்குத் திரும்பும்போது பழைய அளவுக்குப் போக வேண்டும், அதனால் பழைய இடத்தை டை ராடில் பெயின்ட் கோட்டால் குறித்து வையுங்கள்.

கடைசியில் முழுத் திருப்பம். இடக்கோடி, வலக்கோடி இரண்டிலும் சஸ்பென்ஷனை அமுக்கியும் தொங்கவிட்டும் பாருங்கள். மட்கார்டில் படும் இடத்தை வெட்டலாம். சேஸியில் படுமானால் வெட்ட வழியில்லை, ஸ்டியரிங் லிமிட்டர் பூட்ட வேண்டும். திருப்பு வட்டம் பெரிதாகும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கியர்_லோ

சிவிடி பெல்ட் கேள்விக்கு வருகிறேன். ஸ்ப்ராக்கெட்டுக்கு 17 பல், பல்லுக்குப் பல் 73 மி.மீ. என்று ஒரு உதாரணம் எடுப்போம். ஒரு சுற்றில் வண்டி 1241 மி.மீ. போகும். 27 அங்குல டயர் ஒரு சுற்றில் 2154 மி.மீ. விகிதம் 0.58. மீட்டர் 50 காட்டும்போது உண்மை வேகம் 29. கிலோமீட்டர் எண்ணிக்கையும் கூடிக் காட்டும், அதனால் ஆயில் மாற்றத்தை மணிக்கணக்கில் பாருங்கள்.

கியர் தானாகவே குறைந்துவிட்டது, ஹையிலேயே ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஆழப் பனியில் இழுவை பல மடங்கு கூடுகிறது, அந்தக் குறைப்பு அதற்கே காணாது. போலாரிஸ் கையேடு 11 கி.மீ.க்குக் கீழே லோ கியர் என்கிறது. பெல்ட்டுக்குத் தெரிவது மீட்டர் வேகம், உண்மை வேகம் அல்ல. முன் கிளட்ச் பெல்ட்டை முழுதாகக் கவ்வாத வேகத்தில் சுமையோடு நகர்ந்தால் பெல்ட் வழுக்கும், ஒரே இடம் கருகும், அப்புறம் அந்த இடம் மணிக்கூண்டு போல ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும். புறப்படுவது, ரிவர்ஸ், உங்கள் 15 பாகை ஏற்றம், புதுப் பனி: இவை அனைத்தும் லோ. இறுகிய தடத்தில் சீராக ஓடும்போது ஹை போடலாம்.

ரப்பர் கருகும் வாசனை வந்தால் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று உயர்த்தி ஓடவிட்டால் கிளட்ச் கூட்டுக்குள் காற்று ஓடி ஆறும்.

பனித்தடம்_705

கிளட்ச் கிட் (வேற எடை, வேற ஸ்பிரிங்) போட்டே ஆகவேணும் எண்டு நான் சொல்லுவன். ஸ்ரொக் கிளட்ச் ரயருக்கு அமைச்சது.

கியர்_லோ

1000 சிசி எஞ்சினுக்கு அது முதல் செலவு அல்ல. லோ கியர் பழக்கம் இருந்தால் ஸ்டாக் கிளட்ச் தாங்கும். 500, 570 சிசி வண்டிக்கு உங்கள் வாதம் சரி, அங்கே ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) விழுந்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு கம்பெனி பெல்ட் வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வது மேல். மாற்றத் தேவையான சாக்கெட்டும் கூடவே.

அதைவிடப் பெரிய எதிரி காற்றுக் குழாய்க்குள் போகும் பனித்தூள். முன் வண்டி கிளப்பும் தூள் சிவிடி குழாயில் புகுந்து உருகினால் பெல்ட் ஈரமாகி வழுக்கும், எஞ்சின் ஃபில்டரில் உறைந்தால் மூச்சு அடைக்கும். இரண்டு வாய்க்கும் ப்ரீ-ஃபில்டர் துணி உறை போடுங்கள், போகும் வழியில் இறங்கித் தட்டிவிடுங்கள். கிளட்ச் கவரின் அடியில் உள்ள வடிகால் பிளக் எங்கே என்று இப்போதே கண்டுபிடித்து வையுங்கள்.

பனித்தடம்_705

கிளட்ச் விஷயத்தில நான் விட்டுக்குடுக்கேல்லை, ஆனா 1000-க்கு அவசரமில்லை எண்டது ஞாயம்.

எல்லாரும் விடுகிற இடம் நிறுத்திற முறை. ஓடி முடிச்ச ட்ராக்குக்குள்ள ஈரப்பனி நிறைஞ்சிருக்கும். அப்பிடியே நிறுத்தினால் இரவு -25-இல ரோலரும் பெல்ட்டும் ஒரே கட்டி. நிறுத்த முதல் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு மூண்டு தரம் மெதுவா உருட்டுங்கோ, பனி உதிரும். பிறகு இரண்டு பலகைக்கு மேல ஏத்தி நிறுத்துங்கோ. வெறும் நிலத்தில நிறுத்தினால் பெல்ட் நிலத்தோட உறைஞ்சு ஒட்டும்.

காலமை அசையாட்டி முறுக்காதேங்கோ. ரப்பர் சுத்தியலால பக்கத்தில தட்டி, ரோலருக்கு இடையில இருக்கிற ஐஸை மரத்தடியால தள்ளி எடுங்கோ. ஐஸில ஒட்டின ட்ராக்கை அக்சிலரேற்றரால பிடுங்கினால் உடையிறது ஆக்ஸிலும் சிவி ஜொயின்றும் தான். ரோலர் உறைஞ்சு சுத்தாமல் பெல்ட் மட்டும் ஓடினால் ரோலர் ஒரு பக்கம் தட்டையாத் தேயும், பிறகு திருத்தேலாது.

மேப்பிள்_வடக்கு

ஏரி விஷயத்துக்கு ஒருத்தரும் வரேல்லையே. பெரிய றோட்டையும் ஒருக்காக் குறுக்க கடக்க வேணும்.

அழுத்தக்கணக்கு

ட்ராக் அழுத்தம் குறைவு என்பதால் ஏரி ஐஸில் பாதுகாப்பு என்று நினைப்பது ஆபத்தான தவறு. பனியில் புதைவது சதுர அங்குலக் கணக்கு. ஐஸ் தகடு வளைவதோ மொத்த எடையின் கணக்கு, அந்த எடையை நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள். மினசோட்டா மாநில இயற்கை வளத் துறையின் வழிகாட்டியில் யூடிவிக்குத் தெளிந்த புது ஐஸ் 7–8 அங்குலம், சிறிய காருக்கு 9–10 அங்குலம். 1200 கிலோவைக் காராகவே எண்ணி 25 செ.மீ. வையுங்கள். பால் போல வெளுத்த ஐஸுக்கு இரண்டு மடங்கு தடிமன் வேண்டும். ஓடை சேரும் இடம், இரு தீவுக்கு நடுவில் குறுகும் நீர், படகுத்துறையில் ஐஸ் பிடிக்காமல் வைக்கும் குமிழி எந்திரம் ஓடும் இடம் இவற்றை விட்டு விலகுங்கள். துளையிட்டு அளந்துகொண்டே போக வேண்டும், ஒரு கரையில் அளந்தது மறு கரைக்குப் பொருந்தாது. ஐஸ் மேல் ஓடும்போது சீட் பெல்ட்டை அவிழ்த்து, வலைக் கதவைத் திறந்து வைத்திருங்கள்.

மேலே பனி மூடிய ஏரியில் ஐஸுக்கும் பனிக்கும் நடுவே தண்ணீர் தேங்கும். ட்ராக் அதில் இறங்கினால் சேறு போல அள்ளிச் சுமந்து, நின்ற இடத்தில் உறையும். 3 கிலோமீட்டர் தரைவழி இருக்கும்போது ஏரியில் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை என்பது என் அழுத்தமான கருத்து.

பனித்தடம்_705

சட்டம்: ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின்ர கூட்டமைப்புப் பாதையில ட்ராக் போட்ட யூடிவி ஓடேலாது, அது ஸ்னோமொபைலுக்கு மட்டும். இயந்திரம் சீவி விட்ட பாதையைப் பார்த்து ஆசைப்பட்டு ஏறாதேங்கோ. றோட்டு ஒழுங்குவிதி 316/03 சில்லும் ரயரும் உள்ள வண்டிக்கு எழுதினது, அதனால றோட்டால ஓடிப் போறதை மறந்துவிடுங்கோ. கடக்கிற விஷயத்தை உங்கட நகரசபையிட்டயும் காப்புறுதிக்காரரிட்டயும் எழுத்தில கேளுங்கோ. தாரில ஓடுறது ட்ராக்குக்கும் கூடாது. பனிதான் ரோலரையும் ட்ராக் பெல்ட்டையும் ஈரமாக்கிக் குளிர வைக்கிறது. வெறும் தாரில சூடேறி வழிகாட்டிப் பல் கிழியும்.

மேப்பிள்_வடக்கு

ட்ரெய்லரில ஏத்தி றோட்டைக் கடந்தால்?

கிரீஸ்கை

ஏற்றலாம். அகலத்தை முதலில் அளங்கள், ட்ராக் போட்டால் வண்டி டயரை விட அகலம், ட்ரெய்லரின் மட்கார்டுக்கு நடுவில் நுழையாமல் போகலாம். அலுமினிய ராம்ப் ஈரமாக இருந்தால் ரப்பர் வழுக்கும், ஒட்டுப்பலகை ஒன்றைப் போல்ட் போட்டு விரியுங்கள். ராம்ப் கொக்கி ட்ரெய்லரிலிருந்து நழுவாமல் சங்கிலியால் கட்டிய பிறகே ஏற்றுங்கள், ட்ராக் பின்னோக்கி உதைக்கும் பலம் டயரை விட அதிகம். பட்டையை ட்ராக்கில் கட்டாமல் சேஸியில் கட்டுங்கள். ட்ராக்கில் கட்டினால் வழி நெடுக ஆன்டி-ரொட்டேஷன் தண்டுதான் அடி வாங்கும், இறக்கும்போது கோணம் மாறியிருக்கும்.